ஸ்கூட்டருக்கு சைடு பேக் மாட்டப் போகிறீர்களா? கிருஷ்ணகிரிக்காரர்கள் கவனத்துக்கு

ஸ்கூட்டரில் சைடு பேக்கும் பின் கேரியரும் மாட்ட வண்டியைக் கடையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். வேலை முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

நான் பர்கூரில் சேலை, நைட்டி மொத்தமாக எடுத்து, காவேரிப்பட்டணம் பக்கத்து ஊர்களில் விற்கிறேன். சீட்டுக்கு அடியில் இருக்கும் இடம் போதவில்லை. டவுனில் ஒரு கடையில் கேட்டேன். "உங்க மாடலுக்கே வந்த கேரியர்க்கா. போல்ட்லதான் மாட்டுவோம், வெல்டிங்கே கிடையாது" என்று சொல்லி முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார். சாயங்காலம் போய்ப் பார்த்தால், கேரியரின் கால்களை வண்டியின் சேசிஸோடு, அதாவது இரும்புச் சட்டத்தோடு, சேர்த்து வெல்டிங் அடித்து வைத்திருந்தார்கள். "துளை உட்காரலக்கா, இதுதான் ஸ்ட்ராங்கு" என்றார். என்னைக் கேட்காமல் என் வண்டியில் எப்படி நெருப்பு வைக்கலாம்?

அதோடு போகவில்லை. சைலன்சர் பக்கத்துப் பைக்குத் தாங்கு கம்பியே வைக்கவில்லை. துணி ஏற்றியதும் பை தொங்கிப்போய் சைலன்சரில் ஒட்டி உருகிவிட்டது. ஒரு கல்யாண வீட்டுக்காக எடுத்து வந்த பட்டுச் சேலைகள் கருகிப் போயின. நல்லவேளை, புகையைப் பார்த்துப் பின்னால் வந்த தம்பி ஒருவர் கத்தி நிறுத்தினார்.

அப்புறம்தான் பிரேக் லைட்டும் எரியவில்லை என்று தெரிந்தது. சர்வீஸ் சென்டரில் பேனலைக் கழற்றினால், வெல்டிங் சூட்டில் வயர் உருகிக் கிடந்தது. லாரிகள் விரட்டி வரும் சேலம் ஹைவேயில் பிரேக் லைட் இல்லாமல் ஓட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்னமும் நெஞ்சு பதறுகிறது. 2020 ஏப்ரலில் கட்டாயமான பிஎஸ்6 புகை விதிப்படி வந்த வண்டிகளில் இன்ஜினைக் கட்டுப்படுத்த ஈசியூ என்ற சின்ன கம்ப்யூட்டர் உண்டு, பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் அதுவே போய்விடலாம் என்றார் மெக்கானிக்.

கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "ஓவர்லோடு ஏத்துனா நாங்க என்னக்கா பண்றது?" கையில் கொடுத்திருந்தது 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, கடை முத்திரையும் இல்லை.

மாட்டியே ஆக வேண்டும் என்றால், வண்டியில் ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளில் உட்காரும் கேரியரை மட்டும் வாங்குங்கள். சைலன்சருக்கும் சைடு பேக்குக்கும் நடுவே இரும்புத் தடுப்பு இருக்கட்டும். பையில் சுமை வைத்து, பின்னால் ஒருவரை உட்காரச் சொல்லி, கடையிலேயே அமுக்கிப் பாருங்கள். இண்டிகேட்டரும் நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது. பின்பக்கம் கனம் கூடினால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். அதனால் மேனுவலில் போட்டிருக்கும் சுமை அளவைத் தாண்டாதீர்கள், அதில் ஓட்டுபவரின் எடையும் சேர்த்தி. ஜிஎஸ்டி எண் போட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். கருகிய பை, உருகிய வயர், துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். கடைக்காரர் இறங்கி வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால், உருகிய பாகங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புகாருக்கு அவைதான் சாட்சி.