7500 ரூபாயும் ஓர் ஈரப்பத உணரியும்: மாணவர் திட்ட நிதியுதவி பற்றி

1984-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம், இறுதியாண்டு மாணவர்களின் செயல்திட்டங்களுக்கு நிதியுதவி அளித்து வருகிறது. சொட்டுநீர்ப் பாசனத்துக்கான தானியங்கி வால்வு ஒன்றை உருவாக்க விண்ணப்பித்து, நானும் என் தோழியர் இருவரும் 7500 ரூபாய் பெற்றோம்.

எந்தச் சிக்கலைத் தீர்க்கப்போகிறோம், எந்தப் பொருளுக்கு எவ்வளவு செலவாகும் என்பதையெல்லாம் எழுதி, வழிகாட்டி ஆசிரியரின் ஒப்புதலுடன் கல்லூரி வழியாக அனுப்ப வேண்டும். கடையில் விற்கும் ரெடிமேட் புராஜெக்டை வாங்கி வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) கொண்டுபோவது சாதாரணமாகிவிட்ட சூழலில், செலவுப் பட்டியல் எழுத உட்கார்ந்த அன்றுதான் எங்கள் கருவி எங்களுக்கே புரியத் தொடங்கியது. சென்னையில் மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் நான்கு கடை ஏறி விலை விசாரித்தோம். "பில் வேணுமா, சீட்டு போதுமா?" என்று கேட்டவரிடம், வரி சேர்ந்தாலும் பரவாயில்லை என்று கல்லூரிப் பெயரிலேயே பில் வாங்கினோம், பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது.

மண்ணின் ஈரத்தை அளந்து வால்வை இயக்க முதலில் வாங்கிய உணரியின் செப்புத் தகடுகள், ஈரமண்ணில் இரண்டே வாரத்தில் பச்சை பூத்து அரித்துப்போயின. இடைவிடாமல் பாய்ந்த மின்சாரத்தால் ஏற்பட்ட மின்னாற்பகுப்புதான் (மின்சாரம் உலோகத்தைக் கரைப்பது) காரணம் என்பதை ஆய்வகத்தில் கண்டறிந்து, அளவெடுக்கும் சில நொடிகளுக்கு மட்டும் மின்சாரம் செல்லுமாறு நிரலை மாற்றினோம். பின்னர் உலோகம் மண்ணில் படாத மின்தேக்கி வகை உணரியையும் வாங்கிச் சோதித்தோம். சொந்தக் காசாக இருந்திருந்தால், வைவா அன்று வேலை செய்தால் போதும் என்று முதல் உணரியோடு நிறுத்தியிருப்போம். இரண்டாவது முறை முயல இடம் கொடுத்ததுதான் இந்த உதவியின் பெரும்பயன் என்பேன். என் முதல் வேலைக்கான நேர்முகத் தேர்வில் பெரும்பாலான கேள்விகள் அந்த அரித்த தகட்டைப் பற்றியே வந்தன. மதிப்பெண் பட்டியலை ஒருமுறை புரட்டியதோடு சரி.

குறைகளும் உண்டு. வால்வு, பம்பு, பெட்டி என்று இயந்திர பாகங்கள் சேரும் கருவிக்கு இத்தொகை போதாது. வயலுக்குப் போய்வரும் செலவை நாங்களே ஏற்றோம். வந்த பணம் எங்கள் கல்லூரிக் கணக்குப் பிரிவில் இரண்டு மாதம் தங்கிவிட்டதால், விடுதிக் கட்டணத்துக்கு வைத்திருந்ததை எடுத்துப் பொருள் வாங்க நேர்ந்தது. மூன்று குடும்பங்களையும் வருத்திய தாமதம் அது.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் இறுதியாண்டு தொடங்கும் முன்பே வழிகாட்டி ஆசிரியரிடம் பேசிவிடுங்கள். எல்லாப் பில்லையும் கல்லூரிப் பெயரில் வாங்குங்கள். பழுதான பாகங்களைத் தூக்கி எறியாமல், தேதி எழுதிப் படமெடுத்து வையுங்கள்.