உர மானியக் காசு: தொகை பரவாயில்லை, வருகிற நாள்தான் சரியில்லை

சாப்பாட்டுக் கடைக்கும் போனுக்கும் விமர்சனம் எழுதுகிறோம், ஒவ்வொரு போகமும் நாங்கள் நம்பியிருக்கிற, இலங்கை அரசாங்கம் நெல் விவசாயிக்குக் கொடுக்கிற உர மானியத்தைப் பற்றி எழுதுகிறவர்களைக் காணவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நாலு ஏக்கர் நெல் வேளாண்மை செய்கிறேன். இரண்டு ஏக்கர் அப்பாவின் பெயரில், மற்றது குத்தகை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஒரு அந்தர் உரம், அதாவது 50 கிலோ மூட்டை, 350 ரூபாய்க்குக் கிடைத்த காலம் இருந்தது. 2016இல் அதைக் காசாக மாற்றினார்கள், 2018இல் திரும்பவும் மூட்டை, 500 ரூபாய். 2021இல் இரசாயன உரமே வேண்டாம் என்று நிறுத்தியதை இங்கே யாரும் மறக்கமாட்டார்கள், அந்தப் போகம் எங்கள் வயல் மஞ்சளாய் நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. இப்போது காசு நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2024/25 பெரும்போகத்துக்கு ஹெக்டேயருக்கு 15,000 இருந்ததை 25,000 ஆக்கினார்கள், இரண்டு ஹெக்டேயர் வரைக்கும். ஏக்கருக்குப் பார்த்தால் ஏறக்குறைய 10,000. மூட்டைக்காக லொறி பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை, எனக்கு எந்த உரம் வேண்டுமோ அதை வாங்கலாம். இதில் எனக்கு முழுத் திருப்தி.

பிரச்சினை நாளில். விதைத்து இரண்டு கிழமையில் முதல் யூரியா போட வேண்டும், பயிர் யாருக்காகவும் காத்திருக்காது. எனக்குக் காசு இரண்டு தவணையாக வந்தது, அதில் இரண்டாவது வரும்போது கதிர் தள்ளத் தொடங்கிவிட்டது. அதற்குள் கடையில் கடனுக்கு எடுத்து எறிந்தாயிற்று. கடன் உரத்துக்கு அந்தருக்கு இவ்வளவு என்று கூட்டித்தான் கணக்கு எழுதுவார்கள், அந்தக் கடனை அடைக்க வெட்டின கையோடு ஈர நெல்லை வயலிலேயே விற்க வேண்டும். மட்டக்களப்பும் அம்பாறையும் ஒன்றாக வெட்டுகிற தை, மாசியில் விலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாடு வகை நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் என்று அறிவித்தது, ஆனால் ஈரப்பதன் 14 வீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். காயவைக்கிறதுக்கு நாள் வேண்டும், கடன்காரனுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆக, பிந்தி வந்த மானியத்தின் ஒரு பங்கு கடைக்குத்தான் போனது.

அடுத்தது பதிவு. மானியத்துக்குப் பதிகிற கமநல சேவைக் கந்தோர்ச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் அப்பாவின் பெயர் இருந்தது, கணக்கிலக்கத்தில் 6 இருக்க வேண்டிய இடத்தில் 0. நான் விரல் வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்ததால்தான் பிடிபட்டது. அங்கிருந்த தங்கச்சி முகம் சுளிக்காமல் படிவத்தை எடுத்துத் திருத்தித் தந்தார், அந்தப் பிள்ளைக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் திருத்தம் போய்ச் சேர மூன்று கிழமை எடுத்தது, அதற்குள் நாலு தடவை நடந்தேன்.

குத்தகைக் காணிக்குரிய காசு காணிக்காரரின் கணக்குக்குப் போனது. அவர் நல்ல மனிதர், வந்த அன்றே கூப்பிட்டுக் கொடுத்தார். பக்கத்து வட்டையில், அதாவது அடுத்த வயல்வெளியில், என் மச்சானுக்கு அப்படி வாய்க்கவில்லை, அவர் சேற்றில் நின்றதுதான் மிச்சம். சேற்றில் இறங்குகிறவன் பெயரில்தான் இந்தக் காசு வர வேண்டும், இதில் எனக்கு வேறு கருத்தே இல்லை.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். புதிதாகப் பதிகிறவர்கள் போகம் தொடங்க முன் நடக்கிற ஆரம்பக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள், வட்டைக்குப் பொறுப்பான வட்டைவிதானையாரிடம் உங்கள் வயலின் அளவைச் சொல்லிப் பதிவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கொப்பி எடுத்துக் கையோடு வைத்திருங்கள். குத்தகை என்றால் காணிக்காரரையும் கூட்டிக்கொண்டு போய் விதைப்புக்கு முன்னமே பேசி எழுதிவிடுங்கள், மச்சான் இந்த முறை அப்படித்தான் செய்திருக்கிறார்.