மைதாவுக்குத் தராசு, சோடா உப்புக்கு ஸ்பூன்

கேக் செய்யக் கப்பில் அளப்பதா, தராசில் நிறுப்பதா என்று கேட்டால் என் ஓட்டு தராசுக்குத்தான், ஆனால் எல்லாப் பொருளுக்கும் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு டிசம்பரில் நான் செய்த முதல் பிளம் கேக் கத்தி பட்டதுமே பொலபொலவென்று உதிர்ந்தது. 2 கப் மைதா என்று எழுதியிருந்தது, 2 கப்தான் போட்டேன். ஆச்சி ஒரு துண்டை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, தலைதட்டி அளந்தியா, கோபுரமா அளந்தியா?" என்று கேட்டார். உழக்கிலும் படியிலும் அளந்தே வளர்ந்தவருக்கு உடனே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

தலைதட்டித்தான் அளந்திருந்தேன். தப்பு அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. கப்பை டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் மாவு அழுந்தி, ஒரு கப்பில் 140, 145 கிராம் ஏறிவிடும். அதே மாவை ஸ்பூனால் மெல்லப் போட்டு நிரப்பி வழித்தால் 120, 125தான் வரும். 2 கப்புக்கு ஏறக்குறைய 40 கிராம், அதாவது ஐந்து டேபிள்ஸ்பூன் மைதா கூடுதல். கேக் வறண்டு போகாமல் என்ன செய்யும்? தராசில் எப்படி அள்ளிப் போட்டாலும் 240 கிராம் 240 கிராம்தான்.

கப்பும் எல்லா ஊரிலும் ஒன்றில்லை. அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூனே 20 மில்லி, மற்ற பல இடங்களில் 15. ஆகவே செய்முறை எந்த ஊருடையது என்று பார்க்காமல் கிராமுக்கு மாற்றாதீர்கள்.

நிறையப் பேர் "ஒரு கப் என்றால் கால் கிலோ" என்று எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குப் போடுகிறார்கள். தண்ணீருக்கு அது கிட்டத்தட்ட சரி. ஆனால் அதே அமெரிக்கக் கப்பில் சர்க்கரை 200 கிராம், கோகோ பவுடர் சுமார் 85, தேன் 340 என்று பொருளுக்குப் பொருள் மாறும். வெண்ணெய் 227 கிராம். அதைக் கப்பில் அமுக்கி அளந்து கையெல்லாம் பிசுபிசுப்பாக்க வேண்டியதே இல்லை, 100 கிராம் பாக்கெட்டைக் கத்தியால் பாதியாக வெட்டினால் 50 கிராம், அவ்வளவுதான்.

கருப்பட்டி போடுகிறவர்களுக்குத் தராசு இல்லாமல் சரிப்படாது என்றே சொல்வேன். பிரவுன் சுகர் 1 கப் என்று இருக்கிற இடத்தில் உடன்குடி கருப்பட்டியைச் சீவிப் போட்டால், சீவல் பூப்போல இருக்கும்போது கப் பாதி காற்று. இடித்துத் திணித்தால் வேறு எடை. நான் 200 கிராம் நிறுத்துவிடுகிறேன், கட்டியாக இருந்தாலும் தூளாக இருந்தாலும் கவலை இல்லை. தூத்துக்குடி மக்ரூன் வீட்டில் முயன்றாலும் இதே கதைதான்: முந்திரியை முழுதாக ஒரு கப் அளந்து பொடிப்பதும், பொடித்த பிறகு ஒரு கப் அளப்பதும் ஒன்றில்லை. முட்டையும் சின்னது பெரிசு என்று வரும், அதனால் வெள்ளைக்கருவையும் நிறுத்துக்கொள்வது நல்லது.

சரி, ஸ்பூன் எங்கே ஜெயிக்கிறது? சோடா உப்பிலும் பேக்கிங் பவுடரிலும். கால் டீஸ்பூன் சோடா ஒரு கிராமைக் கொஞ்சம் தாண்டும், நம் அடுக்களைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது; அது 1 என்று காட்டுவதா 2 என்று காட்டுவதா என்று திணறும்போது கேக்கின் ருசியே மாறிவிடும். அங்கே தலைதட்டிய ஸ்பூன்தான். பால், தண்ணீர், எசன்ஸ் எல்லாம் கப்பிலும் ஸ்பூனிலும் அளந்தால் போதும்.

தராசு வாங்கினால் பாத்திரத்தின் எடையைக் கழிக்கும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுக்கும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள், காற்றில் எண் ஆடும். அப்புறம் உங்கள் கப்பில், உங்கள் கையால் அள்ளிய மைதாவை ஒரு தடவை நிறுத்து, அந்த எண்ணை அலமாரிக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டுக் கதவில் 132 என்று இருக்கிறது.