ஹெரால்டுக்கு எந்த ரிம்மு: பழைய மூன்றரையா, அகலமான நாலரையா, வேற வண்டி ரிம்மா?

மதுரை பக்கம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுங்கிற பழைய கார் வச்சிருக்கிற யார்கிட்ட பேசினாலும் கடைசியில பேச்சு ரிம்முல வந்துதான் நிக்கும். அம்பாசடர்காரங்களுக்கு இந்தக் கவலை கம்மி, 2014 வரைக்கும் வந்த வண்டி, காயலான் கடையில பொறுமையா தேடுனா உருப்படியா நாலு சிக்கிரும். ஹெரால்டு நம்ம வண்டலூர்லயே செஞ்சதுதான், ஆனா 1961ல வந்து எழுபதுகளோட ஆரம்பத்துல நின்னுபோச்சு. இதோட ரிம்மு 13 இன்ச், நாலு ஸ்டட் (சக்கரத்தை மாட்டுற போல்ட்டு), பிசிடி (அந்த நாலு ஸ்டட்டும் நிக்கிற வட்டத்தோட விட்டம்) 95.25 மில்லிமீட்டர், அதாவது மூணே முக்கால் இன்ச். இப்ப ரோட்டுல ஓடுற சின்ன கார் பெரும்பாலும் 100, மாருதி 800ன்னா 114.3. இந்த ஒரு நம்பர்தான் எல்லாத்தையும் தீர்மானிக்குது.

அதனால முதல்ல வேற வண்டி ரிம்மைத் தள்ளி வச்சிருவோம். "100 தானண்ணே, ஓட்டையைக் கொஞ்சம் ராவிவிட்டா உக்காந்துரும்"னு லேத்துல சொல்வாங்க. கணக்குப் பாருங்க, ஒவ்வொரு ஓட்டையும் நடுவப் பாத்து கிட்டத்தட்ட 2.4 மில்லிமீட்டர் நகரணும், புது ஓட்டை பழைய ஓட்டைக்குள்ளயே விழும், வட்டம் போயி முட்டை மாதிரி ஆயிரும், நட்டோட கூம்பு உக்கார வேண்டிய சீட்டுல ஒரு பக்கம் காலியா நிக்கும். எவ்வளவு முறுக்கினாலும் அது பிடிக்காது, ஓட ஓட லூசாகும், ஸ்டட் ஒடியும். உள்ள குடும்பத்தை உக்காரவச்சு ஓட்டுற வண்டிங்க இது.

அடுத்து ஒரிஜினல் 3.5ஜெ ரிம்மு, அதாவது மூன்றரை இன்ச் அகலம். என் ஓட்டு இதுக்குத்தான், ஆனா நல்லா சோதிச்சுட்டு. வண்டியை ஜாக்கி வச்சுத் தூக்கி, பக்கத்துல செங்கல் அடுக்கி அதுமேல ஒரு சாக்பீஸ் வச்சு, முனை ரிம் ஓரத்தைத் தொடுற மாதிரி பிடிச்சுட்டு கையால சுத்துங்க. ரிம்மு நேரா இருந்தா கோடு சுத்திவர விழும், பெண்டு இருந்தா ஒரு எடத்துல மட்டும் அழுத்தமா விழுந்து மத்த எடத்துல சாக்பீஸைத் தொடாமப் போயிரும். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல ஆட்டம் இருந்தா பெண்டு எடுக்கக் குடுக்கணும், டயர் ஓரத்துல மட்டும் வளைஞ்சிருந்தா சரி பண்ணலாம், நடு டிஸ்க்கே (ஸ்டட் ஓட்டை இருக்கிற தட்டு) வளைஞ்சிருந்தா நான் வைக்க மாட்டேன். பழைய பெயிண்டு அஞ்சு கோட்டு இருக்கும், அதை வச்சுக்கிட்டு விரிசல் தெரியாது, அதனால சாண்ட் பிளாஸ்டிங் பண்ணி வெறும் இரும்பாக்கிட்டு ஸ்டட் ஓட்டையைச் சுத்தியும், டிஸ்க்கும் ரிம்மும் சேர்ற எடத்துலயும் நல்ல வெளிச்சத்துல பாருங்க. மயிரிழை விரிசல் இருந்தாலும் வெல்டு வைக்காம எடைக்குப் போட்ருங்க.

டயர்தான் இதுல அடுத்த முடிச்சு. கம்பெனியில வந்தது 5.20-13 கிராஸ்பிளை (உள்நூல் குறுக்கும் மறுக்குமா போற பழைய வகை டயர்). இப்ப 3.5ஜெ ரிம்முக்குப் பொருந்துற ரேடியல் (இப்பத்திய வகை டயர்) 145/80 ஆர்13, அதாவது 145 மில்லிமீட்டர் அகலம், கொஞ்சம் குட்டை, ஸ்பீடோமீட்டர் லேசா கூடக் காட்டும், அவ்வளவுதான். 155/80 போடணும்னா ரிம்மு குறைஞ்சது 4 இன்ச் அகலம் வேணும், கடைக்காரர் ஏத்திக் காட்டிட்டார்ங்கிறதுக்காக சரின்னு ஆயிராது. அப்புறம் அந்தக் காலத்து ரிம்முல டயர் ஓரத்தைப் பிடிச்சு வைக்கிற மேடு கிடையாது, காத்து கம்மியா இருக்கும்போது வளைவுல டயர் உள்ள சரிஞ்சுரும், அதனால டியூப்லெஸ்னு ஆசைப்படாம டியூப் போட்டே ஓட்டுங்க.

அகலம் வேணும்னா ரெண்டு வழி இருக்கு. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4ல வந்த 4.5ஜெ ஸ்டீல் ரிம்மு அதே பிசிடி, 155 தாராளமா உக்காரும், பாக்கவும் வண்டியோட ஒட்டி இருக்கும், ஆனா வெளிநாட்டுல இருந்து யாராவது கொண்டுவந்தாதான் உண்டு. சிக்குனா விடாதீங்க. இன்னொன்னு நம்ம ரிம்மையே அறுத்து நடுவுல பட்டை வச்சு வெல்டு அடிக்கிறது, செலவு கம்மிதான், ஆனா சுத்திவர ஒரே அளவுல வெல்டு வரணும், காத்து கசியக் கூடாது, அகலத்தை வெளிப்பக்கமே தள்ளிட்டா பேரிங் மேல பாரம் ஏறும். ஹெரால்டோட பெருமையே அது 25 அடியில திரும்புறதுதான், மாசி வீதியில ஒரே ஒடிப்புல திருப்பிட்டு வரலாம். அவ்வளவு ஒடியிற சக்கரத்தை அகலப்படுத்துனா ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்கிறப்ப டயர் உள்ள போய் உரசும், அப்ப அந்தப் பெருமையும் போச்சு. பின்னாடி ஸ்விங் ஆக்சில் (ரெண்டு சக்கரமும் தனித்தனியா மேல கீழ ஆடுற அச்சு) வேற, ஆளேறி அமுங்குறப்ப சக்கரம் சரியிறதால மட்கார்டுலயும் இடம் பாக்கணும். அழகர்கோயில் ரோட்டுல ஞாயித்துக்கிழமை ஓட்டுறதுக்கு இவ்வளவும் எதுக்கு?

மாட்டும்போது கவனிக்க வேண்டியது: பவுடர் கோட்டிங் குடுக்குறப்ப நட்டு உக்கார்ற சீட்டையும் ஹப்புல ஒட்டுற பின்பக்கத்தையும் மூடிட்டு அடிக்கச் சொல்லுங்க, அங்க கோட்டிங் தடிமனா நின்னா ஓட்டத்துல நசுங்கி நட்டு தளரும். ஸ்டட் 3/8 யுஎன்எஃப் (இன்ச் அளவுத் திரெட்டு), 9.5 மில்லிமீட்டர்தான், 10 எம்எம் நட்டு பக்கத்துல இருக்குன்னு அதைத் தள்ளி ஏத்திராதீங்க, திரெட்டே வேற. எதிரெதிர் நட்டா முறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடுனதும் ஒருதடவை டைட் பாருங்க. ரெண்டு ரேடியல்தான் இப்ப வாங்க முடியும்னா அது பின்னாடி போகட்டும், முன்னாடி ரேடியல் பின்னாடி கிராஸ்பிளைன்னு மட்டும் ஓட்டாதீங்க, வளைவுல பின்பக்கம் பிச்சுக்கிட்டுப் போயிரும். ஸ்டெப்னிக்கும் இதே அளவு ரிம்மு, இதே மாதிரி டயர் வேணும், அதையும் சேர்த்தே அஞ்சா குடுத்து வேலை பண்ணி வாங்கிருங்க.