பருத்த அடியை யார் சரியாக இறுக்குகிறார்கள்? ஷாட்கன் தோட்டா மறுநிரப்பும் இயந்திரங்கள், ஓர் ஒப்பீடு

பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் மைதானத்தில் என் முறை வந்தது. தோட்டாவை ஏற்ற, பம்ப் துப்பாக்கியின் முன்கட்டையை முன்னே தள்ளினேன். கடைசி அரை விரற்கடையில் நின்றுவிட்டது. அதற்கு மேல் தள்ளவும் முடியவில்லை, பின்னுக்கு இழுக்கவும் முடியவில்லை. உடன் நின்ற நால்வரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அந்தப் பொறுமைதான் அதிகம் சுட்டது. முந்தைய இரவு நானே என் கையால் நிரப்பிய தோட்டா அது.

சுட்ட காலிக் கூட்டை மீண்டும் தோட்டாவாக்கும் மறுநிரப்பும் இயந்திரங்களை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் வேகத்தையும் விலையையும் பேசுகிறார்கள். என் கணக்கில் அவை இரண்டும் பிறகுதான். சுட்டுப் பருத்துப்போன உலோக அடியை இயந்திரம் எப்படி இறுக்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தோட்டா வெடிக்கும்போது அதன் அடிப்பகுதி துப்பாக்கி அறையின் (குழலில் தோட்டா அமரும் இடம்) சுவர்வரை விரிகிறது. அறைக்கு அறை அளவு சற்று மாறும். மைதானத்தில் பொறுக்கிய கூடு யாருடைய தாராளமான அறையில் வெடித்ததோ, அந்த அளவுக்குப் பருத்திருக்கும். நடுவில் மடியும் இரட்டைக்குழலுக்கு இது பெரிய தொல்லை இல்லை. கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய்விடும். பம்ப்பும், அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் செமி ஆட்டோவும் அவ்வளவு பெருந்தன்மை காட்டுவதில்லை.

இறுக்குவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் மூன்று விதமான இயந்திரங்கள்.

முதலாவது, லீ நிறுவனத்தின் லோட்-ஆல். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஹார்ட்ஃபோர்ட் ஊர்த் தயாரிப்பு. உடல் பெரும்பாலும் பிளாஸ்டிக். கூட்டின் மேல் ஓர் எஃகு வளையத்தை மாட்டி, கைப்பிடியை இழுத்து அடியின்மேல் அழுத்துகிறோம். அடுத்த நிலையில் புதிய பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஏறும்போது வளையம் கழன்றுவருகிறது. எளிமையான யோசனை. வெடிமருந்துக்கும் ரவைக்குமான அளவுப் புஷ்கள் (அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சிறு துண்டுகள்) பெட்டியிலேயே வந்துவிடுகின்றன என்பது இன்னொரு வசதி. மணிக்கு 100 தோட்டா நிரப்பினால் நல்ல வேகம். 12, 16, 20 போருக்கு (குழல் விட்டத்தைக் குறிக்கும் எண்) மட்டுமே கிடைக்கிறது. 28 போரும் 410ம் வைத்திருப்பவர் இத்துடன் இந்தப் பத்தியை விட்டுவிடலாம். பித்தளை அடி கொண்ட நல்ல கூடுகளுக்கு வளையம் போதும். மலிவான தோட்டாக்களின் எஃகு அடியோ அழுத்தியதும் சற்றுத் திரும்பி விரிந்துகொள்ளும் குணம் உடையது. என் தோட்டா சிக்கியதும் அப்படிப்பட்ட கூட்டினால்தான். தங்க நிறப் பூச்சைப் பார்த்துப் பித்தளை என்று நம்பியது என் பிழை. காந்தத்தை வைத்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

இரண்டாவது மெக். மேவில் ஊரைச் சேர்ந்த, 1945இல் தொடங்கிய நிறுவனம், அதுவும் விஸ்கான்சின்தான். அமெரிக்க மறுநிரப்பாளர்களின் மேசைகளில் இதன் 600 ஜூனியர் மிகவும் பழகிய முகம். இரும்புடல், ஒவ்வொரு நிலையாகக் கூட்டைக் கையால் நகர்த்த வேண்டும். மணிக்கு எட்டுப் பத்துப் பெட்டி என்பது விளம்பரக் கணக்கு. என் கைக்கு நான்கு பெட்டி, அதாவது 100 தோட்டா வந்தாலே மகிழ்ச்சி. ஆனால் 600 ஜூனியரும் டைக்குள் (எஃகு அச்சு) அழுத்தி இறுக்கும் வகைதான். அதே நிறுவனத்தின் சைஸ்மாஸ்டரில்தான் வித்தியாசம் தொடங்குகிறது: லேத்தில் காலெட் என்ற பிளவுபட்ட பிடிவளையம் கம்பியைக் கவ்வுவதுபோல, எஃகு விரல்கள் அடியைச் சுற்றிலுமிருந்து பிடித்து நெருக்குகின்றன. அடி உயரமோ குட்டையோ, பித்தளையோ எஃகோ, விளிம்புவரை ஒரே சீராக இறுகுகிறது. காலெட்டை மட்டும் தனிக் கருவியாகவும் சூப்பர் சைஸர் என்ற பெயரில் விற்கிறார்கள். லோட்-ஆல் வைத்திருப்பவர் அதை விற்றுவிட்டுப் புதிய இயந்திரம் வாங்குவதைவிட இதைப் பக்கத்தில் பொருத்திக்கொள்வது புத்திசாலித்தனம். நான் அதைத்தான் செய்தேன்.

மூன்றாவது, ஐடஹோ மாநிலத்தின் பான்ஸ்னஸ் வாரன். இதில் கூடு முழு நீள டைக்குள் நுழைந்தால், தோட்டாவின் வாயை மடித்து மூடி முடிக்கும்வரை அதற்குள்ளேயே பயணம் செய்கிறது. அடி மட்டுமல்ல, உடலும் புடைக்க இடமில்லை. வெளியே வருவது கடைத் தோட்டாவைப் போலவே இருக்கும். விலையும் அதற்கேற்பவே. வாரத்துக்கு ஒருமுறை 50 தோட்டா சுடுபவருக்கு இது அதிகம் என்றே நினைக்கிறேன்.

ஒரே இழுப்பில் எல்லா நிலைகளும் நடக்கும் புரோகிரசிவ் வகையைப் பலர் கேட்கிறார்கள். மெக் 650 ஆறு கூடுகளை ஒரே நேரத்தில் கையாளும். ஆனால் அடியை இறுக்காது. வாங்கிய பிறகு இதை அறிந்து நொந்தவர்கள் உண்டு. மெக்கின் கிராபரும் 9000ம் காலெட்டோடு வருகின்றன. 9000 கூடுகள் நிற்கும் தட்டைத் தானே சுழற்றிக்கொள்ளும். முதல் இயந்திரமாக இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆறு இடத்தில் ஆறு வேலை நடக்கும்போது மருந்து விழாத ஒரு கூடு கண்ணுக்குத் தப்புவது எளிது. அப்படிப்பட்ட தோட்டா மந்தமாக ஓர் ஓசை எழுப்பும். மருந்துக்கும் ரவைக்கும் நடுவே வைக்கும் அடைப்பான வாட், குழலின் நடுவே நின்றுவிடும். பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கலாம். ஓசையில் சந்தேகம் வந்தால் துப்பாக்கியைக் காலிசெய்து குழலைப் பார்த்தே ஆக வேண்டும்.

தோட்டா வாய் மடிப்பும் அறைக்குள் நுழைவதைக் கெடுக்கும், பருத்த அடி கெடுக்கும் அளவுக்கு இல்லாவிட்டாலும். பழைய மடிப்புத் தடங்கள் ஆறா எட்டா என்று பார்த்து அதே தடத்தில் மடிக்க வேண்டும். மெக்கின் ஸ்பின்டெக்ஸ் தானே சுழன்று பழைய தடத்தைத் தேடிக்கொள்கிறது; லீயில் கண்ணால் பார்த்துப் பொருத்த வேண்டும். இதில் மெக்குக்கே என் ஓட்டு.

எந்த இயந்திரமானாலும், இறுக்கிய வெறுங்கூட்டை, மருந்தோ பிரைமரோ இல்லாமல், கழற்றிய குழலின் அறையில் போட்டுப் பாருங்கள். தானாக விழுந்து, கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். மருந்து, வாட், பிரைமர், கூடு ஆகியவற்றின் சேர்க்கையை மருந்து நிறுவனம் வெளியிட்ட அட்டவணையிலிருந்து அப்படியே எடுக்க வேண்டும்; ஒன்றை மாற்றினாலும் அழுத்தம் மாறும். இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

பழைய இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். 600 ஜூனியர் என்றால் தயங்காமல் வாங்கச் சொன்னேன். அதிலுள்ள மருந்துப் புஷ்ஷை மட்டும் நம்ப வேண்டாம் என்றேன். முந்தைய உரிமையாளர் எந்த மருந்துக்கு எந்த எண்ணைப் போட்டிருந்தார் என்பது யாருக்குத் தெரியும்? வாங்கி வந்தவுடன் ஒரு தராசும் வாங்கினார். முதல் பத்து அளவுகளை நிறுத்துப் பார்த்தபோது எதுவும் அட்டவணையோடு ஒத்துப்போகவில்லை.