அந்தர காந்தாரம் சரியாக நிற்கும் சிந்தசைசர்: சர்ஜ் எக்ஸ்டி

பாட்டு சொல்லித் தருபவர்கள் பலருக்குக் கீபோர்டின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. தம்புரா ஓடும்போது கீபோர்டில் அந்தர காந்தாரத்தை, அதாவது சங்கராபரணத்தில் வரும் ‘க’வை, அழுத்திப் பாருங்கள், இரண்டும் ஒட்டாது. நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவின் மந்தர சட்ஜத் தந்தியிலிருந்து அந்தர காந்தாரம் தானாகவே எழும். தந்தியின் அதிர்வெண்ணைப் போல் ஐந்து மடங்கு அது. ஸ்தாயியை இறக்கிப் பார்த்தால் சட்ஜத்துக்கு 5/4. கீபோர்டோ ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டி வைத்திருக்கிறது. 1 கட்டை சுருதியில் தம்புரா சொல்லும் காந்தாரம் 327 ஹெர்ட்ஸ், கீபோர்டு சொல்வது 329.6. ஓர் அரைச்சுரத்தை 100 சென்ட் என்று கொண்டால் இந்த வித்தியாசம் 14 சென்ட். பெரியவர்கள் சமாளித்துவிடுவோம். குழந்தைகள் எது சத்தமாகக் கேட்கிறதோ அதைப் பிடித்துக்கொள்வார்கள், அது பெரும்பாலும் கீபோர்டுதான்.

இதற்கு நான் கண்டுபிடித்த மிக நல்ல தீர்வு சர்ஜ் எக்ஸ்டி. ஒலியைக் கணினியிலேயே உருவாக்கும் சிந்தசைசர் இது. கட்டற்ற மென்பொருள், காசு எதுவும் இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தனி நிரலாகத் திறந்து யுஎஸ்பி கீபோர்டைச் செருகினால் வாசிக்கலாம். ஒலிப்பதிவு செய்கிறவர்கள் ஆர்டோர் போன்ற மென்பொருளுக்குள் பிளக்இன்னாகவும் போடலாம். நான் வகுப்பில் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, தனி நிரலாகத்தான் வைத்திருக்கிறேன்.

சுருதி மாற்றும் வசதி சில கடைக் கீபோர்டுகளிலும் இருக்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு சுரத்தையும் சிறிய திரையில் சென்ட் கணக்கில் ஏற்றி இறக்க வேண்டும், ஸ்தாயிக்குப் பன்னிரண்டு சுரத்துக்கு மேலும் போக முடியாது. சர்ஜில் இது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. எஸ்சிஎல் (.scl) என்று பெயர் முடியும். நோட்பேடில் திறந்து முதல் வரியில் ஏதாவது விவரம், இரண்டாம் வரியில் 12, அதன் கீழே வரிக்கு ஒன்றாக 16/15, 9/8, 6/5, 5/4, 4/3, 45/32, 3/2, 8/5, 5/3, 16/9, 15/8, 2/1 என்று எழுதிச் சேமியுங்கள். அந்தக் கோப்பை இழுத்துச் சர்ஜின் சாளரத்தின் மேல் விட்டால் போதும். சட்ஜத்தை எழுத வேண்டாம், அது இருப்பதாகவே கணக்கு. விகிதமாக எழுதப் பிடிக்காதவர்கள் சென்டில் எழுதலாம், புள்ளி வைக்க மறக்கக் கூடாது: 386.31 என்றால் சென்ட் என்று புரிந்துகொள்ளும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். மோகனத்துக்கு ஐந்து சுரம்தானே என்று ஐந்து வரி மட்டும் எழுதினால், கறுப்புக் கட்டை வெள்ளைக் கட்டை பார்க்காமல் ஐந்து கட்டைக்கு ஒரு ஸ்தாயி வந்துவிடும். கை பழகிய இடத்தில் சுரம் இருக்காது. பன்னிரண்டையும் எழுதிவிட்டு வேண்டியதை மட்டும் வாசிப்பதே நல்லது.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். சுத்த ரிஷபம் 16/15-ஆ, 256/243-ஆ? முதலாவது 112 சென்ட், இரண்டாவது 90. இந்த விவாதத்தை இத்தனை காலம் காகிதத்தில் மட்டும் படித்தோம். இப்போது ஒரு வரியை மாற்றி மறுபடி ஏற்றினால் காதாலேயே கேட்டுவிடலாம். சரளி வரிசைக்கு மாயாமாளவகௌளையில் 16/15 வைத்துக்கொண்டேன். கௌளைக்கு மட்டும் தனிக் கோப்பு, அதில் ரிஷபம் 256/243. கௌளையின் ரிஷபம் தாழ்ந்து நிற்கும் என்று வாயால் எத்தனை சொன்னாலும் மாணவர்கள் தலையாட்டுவார்களே தவிர, இரண்டையும் தம்புராவோடு அடுத்தடுத்துக் கேட்டபோதுதான் முகத்தில் தெளிவு வந்தது.

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில், ஒரு ஸ்தாயிக்குள் உள்ள சுருதிகள் 22 அல்ல, 24 என்றும் அவை சம அளவில் பிரிந்தவை என்றும் வாதிட்டார். அதையும் போட்டுப் பார்த்தேன். 24 வரி, ஒவ்வொன்றும் 50 சென்ட் கூடுதல். ஸ்தாயி 24 கட்டைக்கு நீளும். சமப் பங்கு என்பதால் காந்தாரம் 400 சென்டிலேயே நிற்கிறது, தம்புராவின் காந்தாரத்தோடு என் காதுக்குச் சேரவில்லை. ஆனால் சுரங்களுக்கு இடையில் வரும் கால் சுரங்களைத் தனியாக அழுத்திக் கேட்கும்போது, அவர் எதைத் தேடினார் என்பது புத்தகத்தில் படித்ததைவிட நன்றாகப் புரிகிறது. இசைக் கல்லூரிகளில் சுருதிப் பாடம் நடத்துகிறவர்கள் இதை அவசியம் வகுப்பில் ஒலிக்கவிட வேண்டும்.

கமகம்? சாதாரணக் கீபோர்டில் கமகம் எப்போதும் உழைப்புத்தான். இங்கே சுரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் எவ்வளவு ஏறலாம், எவ்வளவு இறங்கலாம் என்று தனித்தனியாக வைக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும் மோனோ பிளே மோடுகளில் ஒன்றை வைத்தால், முந்தைய கட்டையை விடாமல் அடுத்ததை அழுத்தும்போது மட்டும் சுரம் வழுக்கிப் போகும். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் ஜாருவுக்கு அது அருமை. எம்பிஇ (விரலுக்கு விரல் அசைவைத் தனியாக அனுப்பும் முறை) உள்ள கருவி கையில் இருந்தால் ஒவ்வொரு விரலுக்கும் தனி அசைவு கிடைக்கும். சுருதியை மிடி (கீபோர்டு அனுப்பும் கட்டைத் தகவல்) வரும் இடத்திலேயே பொருத்துவதா, சக்கரம் முதலியவற்றின் அசைவு (மாடுலேஷன்) சேர்ந்த பிறகா என்று மெனுவில் ஒரு தேர்வு இருக்கிறது. சக்கரத்தால் கமகம் செய்கிறவர்கள் முதலாவதை வைத்துக்கொள்ளுங்கள், சக்கரத்தின் தூரம் கைக்குப் பழகியபடியே இருக்கும். தோடியின் காந்தாரத்தை இதில் வாசித்துக் காட்ட முடியும் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். அதற்குக் குரலும் வீணையும் இருக்கின்றன.

ஒலிகளைப் பற்றி. கூடவே ஆயிரக்கணக்கில் பேட்ச், அதாவது ஆயத்த ஒலி அமைப்புகள், வருகின்றன. பெரும்பாலானவை மின்னணு இசைக்கானவை, என் வேலைக்கு ஆகாதவை. இது பதிவு செய்த ஒலிகளை வைத்து வாசிக்கும் மென்பொருள் அல்ல. வீணை, நாகஸ்வரம் என்று தேடி வந்தால் ஏமாந்துபோவீர்கள். ஸ்டிரிங் என்ற ஆஸிலேட்டர் (ஒலியைப் பிறப்பிக்கும் பகுதி) தந்தியை மீட்டுவது போன்ற ஒலியைக் கணக்கிட்டே உருவாக்குகிறது. நன்றாக இருக்கிறது, ஆனால் தம்புராவின் ஜீவா, அந்த ரீங்காரம், அதில் வராது. நான் சைன் ஆஸிலேட்டரை எடுத்து ஃபில்டரை இறக்கி, புல்லாங்குழல் சாயலில் ஒரு மென்மையான ஒலி செய்து வைத்திருக்கிறேன். சுரம் காட்டப் போதும்.

திரை நெரிசலானது. ஏகப்பட்ட தள்ளுகோல்கள், எல்லாம் ஆங்கிலத்தில். பெரிதாக்கிப் பார்க்க வசதி இருக்கிறது என்றாலும், முதல் நாள் திறந்ததும் மூடிவிடத் தோன்றும். ட்யூன் பொத்தான், பேட்ச் பெயர், பிளே மோடு மூன்றையும் மட்டும் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள். மற்றவை மெல்ல வரும். கையேடு நன்றாகவே எழுதியிருக்கிறார்கள், யாராவது தமிழில் செய்தால் மிகவும் உபயோகமாக இருக்கும். இத்தனை நெரிசலிலும் ஒரு காரியத்தை மனதாரப் பாராட்ட வேண்டும். கண் பார்வை இல்லாதவர்கள் திரைவாசிப்பானை வைத்துக்கொண்டு விசைப்பலகையாலேயே இதை இயக்கலாம். என்னிடம் படிக்கும் ஓர் இளைஞர் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் உதவியோடு தானே ஒலி செதுக்குகிறார். காசு கொடுத்து வாங்கும் பல இசை மென்பொருள்களில் அவரால் முதல் மெனுவைத் தாண்ட முடியவில்லை.

இதெல்லாம் எப்படி இலவசமாக வந்தது? முதலில் இது வெம்பர் ஆடியோ என்ற பெயரில் கிளாஸ் யோஹான்சன் விற்ற மென்பொருள். 2018-இல் மூலநிரலை ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் திறந்துவிட்டார். அதன்பிறகு உலகம் முழுவதிலுமிருந்து தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்தார்கள், 2022-இல் எக்ஸ்டி வந்தது. நான் மேலே புகழ்ந்த சுருதிக் கோப்பு வசதி, திரைவாசிப்பான் ஆதரவு இரண்டும் திறந்த பிறகு அந்தத் தன்னார்வலர்கள் சேர்த்தவை. பன்னிரண்டு சம பங்குக்கு வெளியே இசை இருக்கிறது என்று நம்பியவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்ததால்தான் நமக்கு இது கிடைத்திருக்கிறது. ட்விஸ்ட் என்ற ஆஸிலேட்டர்கூட மியூட்டபிள் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனம் திறந்துவிட்ட பிளெயிட்ஸ் என்ற கருவியின் நிரலிலிருந்து வந்ததுதான்.

கடைசியாக, எந்தக் கட்டை சட்ஜம் என்று சொல்ல கேபிஎம் (.kbm) என்று முடியும் இன்னொரு கோப்பு வேண்டும். அதையும் இழுத்து விட்டால் போதும். பெண் குழந்தைகள் பாடும் 5 கட்டைக்கு அதில் நடு சுரமும் ஆதார சுரமும் 55 (கட்டையின் மிடி எண்), அதிர்வெண் 196 ஹெர்ட்ஸ். நான்கு கட்டை என்றால் 53, 174.61. இரண்டரை கட்டைக்கு 51, 155.56. ஆண்கள் ஒன்றரை கட்டையில் பாடினால் 49, 138.59 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.