கழுத்துச் சாய்வுள்ள குழந்தைக்கு வீட்டுப் பயிற்சியா, பிசியோதெரபி மையமா?

பிறந்த சில வாரங்களில் குழந்தையின் தலை எப்போதும் ஒரே தோளை நோக்கிச் சாய்ந்திருந்தால், சென்னை வீடுகளில் முதலில் கேட்கும் சொல் ‘உரம் விழுந்திருக்கிறது’ என்பதுதான். ஆனால் சேலையில் இட்டு உருட்டி உரம் எடுப்பதை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. காதுக்குப் பின்புறமிருந்து மார்பெலும்பு வரை செல்லும் தசை இறுகியதால் வரும் சாய்வை உருட்டிச் சரிசெய்ய முடியாது; பிஞ்சுக் கழுத்தில் அடிபடவும் கூடும்.

வீட்டுப் பயிற்சியின் பலம், அதை நாள் முழுதும் சிறிது சிறிதாகச் செய்யலாம் என்பதே. வலப்பக்கத் தசை இறுகினால் தலை வலத்தோளில் சாயும், முகவாய் இடப்பக்கம் திரும்பும். எனவே கிலுகிலுப்பையை வலப்பக்கம் ஆட்டுவது, வலப்பக்கம் திரும்பினால்தான் அம்மாவைப் பார்க்க முடியும் என்றவாறு படுக்க வைப்பது, விழித்திருக்கும்போது அருகிலிருந்து பாயில் குப்புறக் கிடத்துவது ஆகியவை பயன் தரும். தலையை ஒரே நிலையில் நிறுத்திவிடும் தூளியில் நெடுநேரம் விடாமலிருப்பது நல்லது. குறை என்னவென்றால், கற்றுக்கொள்ளாமல் கையால் நீட்டும் பெற்றோர் திசையையோ அழுத்தத்தையோ தவறவிடக்கூடும்.

மையத்தில் கிடைப்பது பயிற்சி பெற்ற கை. தசையில் கட்டி இருக்கிறதா, கழுத்து எவ்வளவு திரும்புகிறது, தலையின் ஒரு பக்கம் தட்டையாகிறதா என்று சிகிச்சையாளர் பார்ப்பார். இத்துடன் இடுப்பு மூட்டு விலகலும் சில குழந்தைகளுக்கு இருப்பதால் அதையும் சோதிக்க வேண்டும். ஆயினும் வெயிலிலும் நெரிசலிலும் வந்து, பசித்து அழும் குழந்தையிடம் அரை மணி நேரத்தில் செய்யக்கூடியது குறைவே. செலவுக்கு அஞ்சுவோர் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையை அணுகலாம்.

எனவே, முறையை மையத்தில் கற்று, அன்றாடப் பயிற்சியை வீட்டில் செய்து, இடையிடையே அளந்து பார்த்துக்கொள்வதே சிறந்தது என்பேன். முதல் மாதத்திலேயே தொடங்கினால் பெரும்பாலும் விரைவில் சரியாகும். 6 மாதம் கடந்து தொடங்கும் குழந்தைக்கும் தசை மிகவும் தடித்திருக்கும் குழந்தைக்கும் மையத்துக்கு அடிக்கடி செல்ல வேண்டியிருக்கும். ஒரு வயதை ஒட்டியும் கழுத்து திரும்பாவிட்டால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள்.

நன்றாக இருந்த குழந்தைக்குத் திடீரெனச் சாய்வு வந்தாலோ, காய்ச்சல், வாந்தி, மாறுகண் சேர்ந்திருந்தாலோ, எந்தப் பயிற்சியும் தொடங்காமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.